சகலைகளும் புழு மாத்திரையும்

பதினான்காவது மாடிக்கும் மேலே, லிஃப்ட் பெட்டியின் கூரையில் நின்றபடி இரும்பு வடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே ஏதாவது ஒரு மெட்டை மூக்கால் முனகுகிற ஆள் அவர். அங்கிருந்து கீழே எட்டிப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தலை சுற்றும். அவருக்குக் கொட்டாவி வரும். அப்பேர்ப்பட்ட லிஃப்ட் மெக்கானிக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு சனிக்கிழமை காலையில் மட்டும், உள்ளங்கை வேர்த்துவிடும். அன்றைக்குத்தான் வீட்டுப் பூனைகளுக்குப் புழு மாத்திரை.

பூனைகள் மூன்று. வெள்ளைக்கு மேடம் என்று பெயர். கூப்பிட்டால் வராது, நாம்தான் போக வேண்டும். செம்பட்டை நிறத்தில் இருப்பது குண்டன். மூன்றாவது சாம்பல் நிறம், பெயர் சந்தேகம். தட்டில் வைத்த மீனைக்கூட மூன்று பக்கமும் சுற்றி வந்து விசாரணை நடத்திவிட்டுத்தான் வாய் வைக்கும்.

மாத்திரை கொடுப்பது மனைவியின் வேலை. அவள் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கடுகு சைஸ் திருகாணிகளை மூக்குக் கண்ணாடியில் பொருத்துகிறவள். விரல் இம்மியும் நடுங்காது. மெக்கானிக் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். அவருக்கென்று ஒதுக்கிய தனி வேலை ஒன்றும் இருந்தது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு பூனைக்கும் பிடரி முடியை விலக்கி, தோலில் படும்படி தெள்ளுப்பூச்சி மருந்தைச் சொட்டுவிட வேண்டும்.

வம்பு அந்தச் சொட்டு மருந்தில்தான் வந்தது.

மாத்திரை கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் பேப்பர் படிக்க சோபாவில் உட்காரப் போனவர், மெத்தையில் ஒரு அரிசி மணி கிடப்பதைப் பார்த்தார். தட்டிவிடலாம் என்று விரலை நீட்டினார். அரிசி மணி நகர்ந்தது.

அவர் போட்ட சத்தத்தில் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். குனிந்து பார்த்தாள்.

"நாடாப்புழு. அதோட துண்டு. பூனை உக்காந்த எடத்துல விழுந்திருக்கு."

"மாத்திரை குடுத்தோமே!"

"நான் குடுத்தேன்," என்றாள் அவள். அந்த 'நான்' கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது.

மூன்று பூனைகளையும் கூடைகளில் அடைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார்கள். கால்நடை டாக்டர்தான் என்றாலும் மாட்டைவிடப் பூனையும் நாயுமே அதிகம் பார்க்கிறவர். வாய்த் துடுக்கும் அதிகம்.

"மாத்திரை வயித்துக்குள்ள இருக்கிற புழுவைத்தான் கொல்லும். நாளைக்கு வரப்போற புழுவுக்கு அது கேட் போடாது," என்றார் டாக்டரம்மா. "இந்தப் புழுவோட குஞ்சு தெள்ளுப்பூச்சி வயித்துல இருக்கும். பூனை உடம்பை நக்கும்போது தெள்ளை முழுங்கிடும். அவ்வளவுதான், குடித்தனம் வந்துடும். ஆக, தெள்ளை ஒழிக்காம மாத்திரையை மட்டும் குடுத்தா ஓட்டைக் குடத்துல தண்ணி புடிச்ச கதைதான். சொட்டு மருந்து யாரு போடறது?"

மனைவி மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான் போடறேன் டாக்டர். முடியை விலக்கி, தோல்ல, கரெக்டா போடறேன். முடி மேல போடறதில்ல. குளிப்பாட்டறதும் இல்ல. தேதி மாறினதே இல்ல."

"அப்ப சரி. வேற பூனை ஏதாவது வீட்டுக்கு வந்து போகுதா?"

"இல்லவே இல்ல," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

டாக்டரம்மா மூன்றையும் எடை போட்டு எடைக்கேற்ற மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார். வீட்டுக்கு வந்து அன்றைக்கே வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். பூனை படுக்கும் துணி, சோபா உறை, திரை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போயின. மெக்கானிக் மண்டியிட்டு, சோபா இடுக்கு முதல் கட்டில் கால் வரை வாக்குவம் பிடித்தார். மூட்டெல்லாம் விட்டுப்போயிற்று.

மூன்று வாரம் கழித்து, சந்தேகம் படுத்து எழுந்த மெத்தையில் மறுபடியும் ஓர் அரிசி மணி.

மனைவி சத்தம் போடவில்லை. அதுதான் மோசம். "நெசமாவே போட்டீங்களா? இல்ல, மேலோட்டமா தடவி விட்டுட்டு மேட்ச் பாக்கப் போயிட்டீங்களா? சொல்லிடுங்க, திட்ட மாட்டேன்," என்றாள். திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று மெக்கானிக் உள்ளுக்குள் வெந்தார்.

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்ச மேல்மாடியில் ஒருவர் இருந்தார். மனைவியின் அக்கா வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்காவும் அவரும் மேல் போர்ஷனுக்குக் குடி வந்த முதல் வாரமே, மேடம் சேற்றுக் காலோடு போய் நாற்பது விடைத்தாள்கள் மேல் உலாத்திவிட்டது. அன்றிலிருந்து வாத்தியாருக்குப் பூனை என்றாலே ஆகாது. "வீட்டுல பூனை வளக்கிறதும் ஒண்ணு, வெளக்குமாத்துக்கு வேட்டி கட்டறதும் ஒண்ணு," என்று சமயம் கிடைக்கும்போதெல்லாம் சொல்வார். சகலைகள் இரண்டு பேரும் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் வானிலை பற்றி மட்டும் பேசுவது என்று ஆகியிருந்தது.

அந்த வாத்தியார்தான் இப்போது படியில் நின்று பேன்ட்டைத் தூக்கிக் கணுக்காலைச் சொறிந்துகொண்டு, "பாத்தீங்களா சகலை, உங்க வீட்டு மிருகக்காட்சி சாலையால என் கால் முழுக்கக் கடி," என்றார்.

"சாரி சகலை," என்றார் மெக்கானிக், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்த வாரமே அக்கா தங்கை இருவரும் தங்கள் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஊருக்குக் கிளம்பினார்கள். மூன்று நாளில் திரும்பிவிடுவார்கள். கிளம்பும்போது மனைவி மூன்று மாத்திரைகளை மெக்கானிக்கின் கையில் வைத்தாள்.

"மறுபடியும் புழு வந்ததுக்கு டாக்டர் போன்ல சொன்ன இன்னொரு டோஸ். சனிக்கிழமை. குண்டனுக்கு மீனுக்குள்ள வெச்சுக் குடுத்துடலாம். மேடத்துக்குத் துண்டு வேணும். சந்தேகத்துக்கு... சரி, நீங்களே பாத்துக்குவீங்க."

"பாத்துக்கறேன்."

"துப்பிட்டா திரும்பக் குடுக்கணும். ஆனா துப்பிச்சான்னு தெரியாம திரும்பக் குடுக்கக் கூடாது."

"தெரியும்மா. நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்."

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. குண்டன் மீனை மாத்திரையோடு ஒரே வாயில் விழுங்கிவிட்டு, இன்னொன்று உண்டா என்பது போல அண்ணாந்து பார்த்தது. மேடம் முதல் தடவை துப்பியது. இரண்டாம் தடவை விழுங்கியதுபோல நடித்து, அரை நிமிஷம் கழித்து அவருடைய செருப்புக்குள் துப்பியது. மூன்றாம் தடவை அவர் மாத்திரையில் வெண்ணெய் தடவி, நாக்கின் அடியோரத்தில் வைத்து, வாயை மூடித் தொண்டையை நீவிவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் தண்ணீரும் விட்டார். மேடம் மூக்கை நக்கிக்கொண்டது. விழுங்கிவிட்டது! மெக்கானிக்குக்கு மலையைப் புரட்டிய பெருமை.

திரும்பிப் பார்த்தால் சந்தேகத்தைக் காணோம்.

நடப்பதையெல்லாம் அலமாரி மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சந்தேகம், தன் முறை வருவதற்குள் ஜன்னல் வழியாக நழுவி மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கையில் துண்டு, மறு கையில் வெண்ணெய் தடவிய மாத்திரை, மெக்கானிக் பின்னாலேயே ஓடினார். மேல் போர்ஷன் வாசலைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, கோடியில் இருந்த சாமான் அறைக்குப் போய், கதவுக்கு மேலிருந்த வென்டிலேட்டருக்குள் சந்தேகம் வெகு சாதாரணமாகப் புகுந்து மறைந்தது. முதல் தடவை போகிற பூனை அப்படிப் போகாது. தினமும் ஆபீசுக்குப் போகிறவன் போகிற மாதிரி போயிற்று.

அந்த அறைக்குள் வாத்தியாரைத் தவிர வேறு யாரும் போகக் கூடாது என்று சட்டம். மூன்று மாதமாகவே அப்படித்தான். "உள்ள கொஸ்டின் பேப்பர் இருக்கு. அவுட் ஆச்சுன்னா என் வேலை போயிடும்," என்று சொல்லிச் சாவியை அரைஞாணில் கட்டாத குறையாக வைத்திருந்தார்.

இப்போது கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சாப்பிட்டியா என் கண்ணு? வயிறு நெறஞ்சுதா என் தங்கக்கட்டி? யாரு வந்திருக்கா பாரு, அக்கா வந்திருக்கா பாரு..."

மெக்கானிக் கதவைத் தள்ளினார்.

கணக்கு வாத்தியார் பனியனோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் விடைத்தாள்கள். மடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குட்டிப் பூனை. அதன் காதைச் சந்தேகம் உரிமையோடு நக்கிக்கொண்டிருந்தது. வாத்தியாரின் கையிலிருந்த சிவப்பு மைப் பேனா நழுவி விழுந்தது.

வாத்தியார் திருதிருவென்று முழித்தார்.

"இதுவா சகலை கொஸ்டின் பேப்பர்?" என்றார் மெக்கானிக்.

"உக்காருங்க சகலை. மொதல்ல கதவைச் சாத்துங்க."

சாத்திவிட்டு உட்கார்ந்தார். வாத்தியார் தலையைக் குனிந்தபடி சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்து சைக்கிள் ஷெட்டில் ஒரு தாய்ப்பூனை ஐந்து குட்டிகளை விட்டுவிட்டு வண்டியில் அடிபட்டுப் போய்விட்டது. பிள்ளைகள் ஆளுக்கொன்றாக நான்கு குட்டிகளைத் தூக்கிப் போனார்கள். நோஞ்சானாக இருந்த இதை மட்டும் யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் மணி அடித்து எல்லோரும் போன பிறகும் ஷெட்டுக்குள் கத்திக்கொண்டே இருந்தது.

"போயிடலாம்னுதான் வண்டியை எடுத்தேன். கேட் வரைக்கும் போயிட்டேன். முடியல சகலை."

"வீட்டுல சொல்ல வேண்டியதுதானே?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? ரெண்டு வருஷமா வாய் கிழியப் பேசியிருக்கேன். உங்க வீட்டுப் பூனையைப் பத்தி அசோசியேஷன் மீட்டிங்லயே பேசியிருக்கேன்."

மெக்கானிக் குட்டியைத் தூக்கினார். முதுகெலும்பு கையில் நெருடியது. வயிறு மட்டும் ஊதின பலூன் மாதிரி இருந்தது. வயிற்று முடியை விலக்கினார். இரண்டு தெள்ளுகள் அவர் மணிக்கட்டைத் தாண்டிக் குதித்து எங்கோ போயின.

"நல்லா புஷ்டியா இருக்கா இல்ல?" என்றார் வாத்தியார் ஆசையாக. "வந்தப்ப வயிறே கெடையாது. நான்தான் தேத்தினேன்."

"சகலை, இது புஷ்டி இல்ல. புழு."

வாத்தியாரின் முகம் விழுந்துவிட்டது. மெக்கானிக்குக்கோ உள்ளே குதூகலம் பொங்கியது. ஒரு மாதமாகத் தலையில் சுமந்த பழி கண் முன்னால் உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்ததே! அவருடைய சொட்டு மருந்து சரிதான். சந்தேகம் தினமும் இங்கே வந்து குட்டியை நக்கிக் கொடுத்து, தெள்ளை விழுங்கி, புழுவோடு கீழே இறங்கியிருக்கிறது. கணுக்கால் கடியும் இந்த அறைச் சரக்குதான். இப்போதே மனைவிக்குப் போன் போட்டு, அவளுடைய அக்காவையும் கூப்பிட வைத்து, ஸ்பீக்கரில் விஷயத்தைச் சொன்னால் எப்படி இருக்கும்! கை சட்டைப்பைக்குப் போய்விட்டது.

"செத்துடுமா சகலை?" என்று வாத்தியார் கேட்டார். "தெரியாம பண்ணிட்டேன். பால் குடுத்தேன், மீன் குடுத்தேன். மருந்து குடுக்கணும்னு எனக்கு யாரும் சொல்லல. யார்கிட்ட கேக்கறது? கேட்டா தெரிஞ்சுடுமே."

மெக்கானிக் போனை எடுத்தார். டாக்டரம்மாவுக்குத்தான் போட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. டாக்டர் பன்னெண்டு மணி வரைக்கும் இருப்பாங்க. சட்டையைப் போடுங்க. அப்புறம், அது நேத்து இன்னிக்குப் போனதுல கொஞ்சம் எடுத்துக்கங்க, டெஸ்ட் பண்ணுவாங்க."

குட்டி ஒரு கூடையில், சந்தேகம் ஒரு கூடையில். சகலைகள் இருவரும் முதல் தடவையாக ஒரே வண்டியில் போனார்கள். டாக்டரம்மா மேஜை மேல் வாத்தியார் ஒரு பெரிய சாக்பீஸ் பெட்டியை பயபக்தியோடு வைத்தார். டாக்டரம்மா மூடியைத் திறந்து பார்த்து உடனே மூடினார்.

"பட்டாணி அளவு போதும் சார். நீங்க ஒரு வாரத்து உழைப்பையே கொண்டு வந்திருக்கீங்க."

"சாம்பிள் சைஸ் பெருசா இருந்தா முடிவு துல்லியமா இருக்கும்னு..."

"பேரு?"

"நான் கணக்கு வாத்தியார்."

"பூனை பேரு சார்."

வாத்தியார் மெக்கானிக்கை ஓரக்கண்ணால் பார்த்தார். "மீதி," என்றார். "அஞ்சுல நாலு போச்சு. மீதி."

டாக்டரம்மா சிரிக்காமல் அட்டையில் எழுதினார். மீதியை எடை போட்டார், ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். சாம்பிளைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, நாடாப்புழுவோடு உருண்டைப்புழுவும் இருக்கிறது என்றார்.

"குட்டிகளுக்குத் தாய்ப்பால் வழியாவே வந்துடும். உங்க தப்பு இல்ல. கொண்டு வராததுதான் தப்பு. இப்ப ஒரு டோஸ். ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணு. ஆறு மாசம் ஆகிற வரைக்கும் மாசா மாசம். அப்புறம் கீழ் வீட்டுப் பூனைங்களோட சேர்த்து மூணு மாசத்துக்கு ஒரு தடவை. தெள்ளு மருந்து அதோட எடைக்குத் தகுந்தது தரேன். பெரிய பூனையோடது வேணாம், நாயோடதை எடுத்துடவே எடுத்துடாதீங்க, உசுருக்கே ஆபத்து. ரூமைச் சுத்தம் பண்ணுங்க. தெள்ளு முட்டை பல வாரம் கெடக்கும், ஒரு நாளோட விட்டுடக் கூடாது."

வாத்தியார் முதல் பெஞ்சு மாணவன் மாதிரி ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். இரண்டு இடத்தில் சந்தேகம் கேட்டார். 'சந்தேகம்' என்றதும் கூடைக்குள் இருந்த சந்தேகம் நிமிர்ந்து பார்த்தது.

அதற்கு இன்னும் மாத்திரை பாக்கி. "குடுங்க, நான் போட்டுடறேன்," என்று டாக்டரம்மா கை நீட்டினார். "இல்ல டாக்டர், நானே," என்றார் மெக்கானிக். வாத்தியார் துண்டைப் போர்த்தி, ஏதோ புத்தகக் கட்டுக்கு அட்டை போடுகிற நேர்த்தியோடு நாலு பக்கமும் மடித்துப் பிடித்தார். மெக்கானிக் தலையைச் சற்றே அண்ணாத்தி, வாயைத் திறந்து, மாத்திரையை வைத்து, மூடி, நீவினார். எண்ணி ஆறு வினாடி. சந்தேகத்துக்கு விசாரணை நடத்த நேரமே கிடைக்கவில்லை.

"ரெண்டு பேரும் சேந்தா வேலை நல்லா ஓடுதே. அண்ணன் தம்பியா?" என்றார் டாக்டரம்மா.

"சகலைங்க," என்றார்கள்.

அன்றைக்கும் மறுநாளும் சாமான் அறையைக் காலி செய்தார்கள். சாக்கையும் பழந்துணியையும் கொதிக்க வைத்துத் துவைத்தார்கள். நடுவில் டீ போட்டுக் குடித்தார்கள். வாத்தியாருக்கு லிஃப்ட் என்றால் உள்ளூர பயம் என்பதும், அதனால்தான் பள்ளிக்கூடத்து மூன்றாவது மாடிக்கு இருபது வருடமாக நடந்தே ஏறுகிறார் என்பதும் அப்போதுதான் மெக்கானிக்குக்குத் தெரிய வந்தது. வடம் அறுந்தாலும் பெட்டி விழாமல் பிடித்துக்கொள்கிற ஏற்பாட்டை அவர் ஒரு துடைப்பத்தையும் வாளியையும் வைத்து விளக்கினார்.

"அவங்க வந்ததும் நானே சொல்லிடறேன் சகலை," என்றார் வாத்தியார். "உங்க பேரைக் கெடுத்தவன் நான்தான். நான்தான் சரி பண்ணணும்."

திங்கட்கிழமை சகோதரிகள் வந்து இறங்கினார்கள். அம்மாவுக்குப் பார்வை பளிச்சென்று வந்துவிட்ட கதையைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். மூன்று தடவை கனைத்தார். பிறகு எழுந்து போய், சாமான் அறையிலிருந்து மீதியைக் கொண்டு வந்து கூடத்தின் நடுவில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அடேயப்பா," என்றாள் அக்கா. "ஒரு வழியா பரீட்சை முடிஞ்சுதா?"

"உனக்குத் தெரியுமா?"

"எந்த ஊர்லங்க கொஸ்டின் பேப்பர் மியாவ்னு கத்தும்? மூணு மாசமா உங்க சட்டைல மீன் வாசம். என்னிக்குச் சொல்றீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அது கத்தற நேரத்துலெல்லாம் உங்களுக்கு இருமல் வேற வந்துடும்."

மெக்கானிக்கின் மனைவிதான் சிரிக்கவில்லை. விஷயம் அவள் தலைக்குள் ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டிருந்தது.

"அப்ப சந்தேகத்துக்குப் புழு வந்தது..."

"இங்கேருந்துதாம்மா," என்றார் வாத்தியார். "சகலை மருந்தெல்லாம் ஒழுங்காத்தான் போட்டிருக்கார். தப்பு பூரா என் பேர்ல."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "அக்காவும் மாமாவும் பண்ணின கூத்துக்கு ஒரு மாசமா உங்களைப் போட்டு வறுத்தெடுத்துட்டேனே! நீங்களும் ஒரு வார்த்தை சொல்லலியே!"

"சொன்னேன். தெனம் சொன்னேன். நீதான் நம்பல."

"அது... ஆமா," என்றாள் அவள், வாயைப் பொத்திக்கொண்டு. "மன்னிச்சுடுங்க. அடுத்த தடவை மாத்திரை குடுக்கறப்ப துண்டை நான் புடிக்கறேன். மாத்திரை நீங்க போடுங்க." அவளிடமிருந்து இதைவிடப் பெரிய பட்டம் கிடைக்காது என்று மெக்கானிக்குக்குத் தெரியும்.

அதற்கப்புறம் மெத்தையில் அரிசி மணி விழவில்லை. தெள்ளு முழுக்கப் போக மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வாத்தியார் தினமும் சீப்பால் மீதியை வாரி, கிடைத்த தெள்ளுகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டு எண்ணி, எண்ணிக்கை குறைவதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தார். மாடிப்படித் திருப்பத்தில் நான்கு பூனைகளுக்கும் ஓர் அட்டவணை ஒட்டினார். பள்ளிக்கூடத்து ஓய்வறையில் பூனை வளர்க்கிற மூன்று ஆசிரியைகளையும் நிறுத்தி வைத்து, "கடைசியா எப்போ புழு மாத்திரை குடுத்தீங்க?" என்று கேட்கிற அளவுக்கு முற்றிப்போனார்.

இரண்டாவது சாம்பிளைக் கொடுத்துவிட்டு வந்த நாள், ஞாயிற்றுக்கிழமை போல எல்லோரும் கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாரின் போன் அடித்தது. டாக்டரம்மாதான். வாத்தியார் எழுந்து நின்று பேசினார். "சரிங்க டாக்டர். ஒண்ணுமேவா? முட்டைகூடவா இல்ல? சரிங்க டாக்டர்." போனை வைத்தார்.

"என்ன சகலை?" என்றார் மெக்கானிக்.

"பாஸ்!" என்று கூவினார் வாத்தியார். "நூத்துக்கு நூறு! சுத்தமா பாஸ்!"

இப்போது வயிறு ஒட்டி, முதுகில் சதை பிடித்திருந்த மீதி அந்தச் சத்தத்தில் அரண்டு, குண்டனின் மேல் ஏறிக் குதித்து, திரையைப் பிடித்துத் தொங்கியது. வாத்தியார் நாற்காலி போட்டு ஏறி அதை இறக்கினார். இறக்கும்போது அது அவர் கட்டை விரலை நறுக்கென்று கடித்தது.

"நல்லா பலம் வந்திருக்கு," என்றார் அவர், விரலை உதறிக்கொண்டே, முகமெல்லாம் பல்லாக.